எந்த மீனின் வாய்?

இன்று காலை எக்கோ அறையில் ஜெல் பாட்டிலை எடுத்ததும் நீ நினைவில் வந்துவிட்டாய். காத்திவாக்கத்துப் பெண் ஒருத்தி படுத்திருந்தாள். பாட்டிலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கைகளுக்குள் பொத்திச் சூடாக்கினேன். "ஐஸு பொட்டில கெடக்குற மீனாடி நானு?" என்று, நான் சில்லென்ற ஜெல்லை வைத்தபோது நீ கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

இதயத் தொழில்நுட்பம் படித்த அந்த வருஷங்களெல்லாம் எனக்கு இப்போது ஒரே நீண்ட ரயில் பயணமாகத் தோன்றுகின்றன. திருவொற்றியூரில் ஏறி, தண்டையார்பேட்டையில் ஏறும் எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாய். மீன்கூடைக்காரிகள் டாக்டருக்கா, நர்ஸுக்கா என்று கேட்பார்கள். ஈசிஜி எடுக்கலாம், எக்கோ பார்க்கலாம், ரத்தக்குழாய் அடைப்பு எடுக்கும் கேத் லேபில் நிற்கலாம் என்று நீதான் விளக்குவாய். உனக்கு மட்டும் ஆபரேஷன் தியேட்டர் இதய மெஷின் மேல்தான் கண்.

இதயத்துக்குள் சுருங்கிப்போன மைட்ரல் வால்வு மீன் வாய் போல இருக்கும் என்று வகுப்பில் சொன்னார்கள். நீ எழுந்து, "இன்னா மீனு சார்?" என்றாய். எல்லோரும் சிரித்தோம். உனக்கோ அது நிஜமான சந்தேகம். உன் அம்மா விற்கும் மீன்களில் வஞ்சிரத்துக்கு அகன்ற வாய், மடவைக்குக் குறுகின சின்ன வாய்.

பிறகு ஒருவருக்கு ஒருவர் எக்கோ எடுத்துப் பழகினோம். நீ படுக்கும் முறை வந்தது, எடுத்தது நான். திரையில் வால்வு பாதிதான் திறந்தது. எங்கள் வேலையில் எதைக் கண்டாலும் முகத்தில் காட்டக் கூடாது, "டாக்டர் சொல்வார்" என்றுதான் சொல்ல வேண்டும். அதையே உன்னிடமும் சொன்னேன். நீ தலையைத் திருப்பித் திரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாய்.

"எனக்கேவா தோஸ்து?" என்றாய். பிறகு மெதுவாக, "மடவைதான்டி."

நான்தான் அழுதேன். நீ எழுந்து ஜெல்லைத் துடைத்துக்கொண்டு, பசிக்கிறது என்றாய்.

பலூன் வைத்து வால்வை விரித்தார்கள். நீ படித்து முடித்தாய், ஆசைப்பட்ட மெஷினிடமே போய் நின்றாய். அறுவை சிகிச்சைக்காக இதயத்தை நிறுத்தியதும் உடம்பெல்லாம் ரத்தத்தை ஓட்டுவது உன் வேலை. "அவுங்க தூங்கினுகீற வரைக்கும் அவுங்க உசுர நாந்தான் வச்சினுகீறேன்" என்பாய். நின்ற இதயம் மறுபடி துடிக்கும் கணத்தை எத்தனை முறை சொன்னாலும் உன் குரல் இறங்கிவிடும்.

வால்வு மறுபடி சுருங்கியது. இந்த முறை அந்த மெஷினோடு நீயே பிணைக்கப்பட்டுப் படுத்திருந்தாய், உன் தோழர்கள் ஓட்டினார்கள். உன் இதயம் திரும்பத் துடிக்கவில்லை என்று டாக்டர் வெளியே வந்து சொன்னபோது உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "மெஷினு ஓடினுதானம்மா கீது?"

இன்றைய பெண்ணின் திரையிலும் அதே குறுகிய வாய். இவளுடையது நேரத்தோடு தெரிந்துவிட்டது, இன்னும் எவ்வளவோ செய்யலாம். "நல்லா கீதுங்களாக்கா?" என்றாள். முகத்தில் எதையும் காட்டாமல், டாக்டர் சொல்வார் என்றேன். ஜெல்லை நானே துடைத்துவிட்டேன். இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்டாள். ரயிலில் நீ சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன், மெஷினை ஓட்டும் வேலையை மட்டும் கொஞ்சம் அதிக நேரம்.

அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு, திரையில் நின்றிருந்த படத்தைப் பார்த்து உன்னிடம் சொன்னேன்.

"மடவைதான், தோஸ்து."