உன் கடைசி கிட்டாருக்கு எந்த பாலிஷ்?

என் ஆசை சைமனுக்கு, உயிரோட இருந்த வரைக்கும் என் உயிரை வாங்கினவனுக்கு,

மேல இன்னாய்யா பண்ற? அங்கயும் மரத்தை இழைச்சிகினுதான் கீறியா? இங்க நீ போய் வருஷம் திரும்பப் போவுது. கல்மண்டபத்து வூட்டு மாடியில நீ கடைசியா செஞ்ச கிட்டார் பாலிஷ் இல்லாம வெறும் மரமா தொங்கிகினு கீது.

நீ செய்வ, நான் பாலிஷ் போடுவேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து நமக்குள்ள ஒரே சண்டைதான். உனக்கு கிளாஸி வேணும், மூஞ்சி தெரியணும். எனக்கு சாட்டின், தொட்டா மரத்தைத் தொட்ட மாதிரி இருக்கணும். பளபளப்பு கடைக்காரன் புத்தின்னு அன்னைக்கும் சொன்னேன், இன்னைக்கும் சொல்றேன். இந்தக் கடல் காத்துல, இந்த வேர்வையில, கிட்டார் கழுத்துல கிளாஸி அடிச்சா விரல் நகருமா? ஒட்டிக்கும். கல்யாண போட்டோவுக்கு லேமினேஷன் போட்ட மாதிரி ஒரு மினுக்கு வேற. தூ!

உன் தம்பி லாரன்ஸ் வந்தான். "அண்ணி, வருஷப் பூசைக்குள்ள அந்த கிட்டாருக்கு கிளாஸி அடிச்சிக் குடுங்க. என் ஷோரூம்ல கண்ணாடிப் பெட்டியில வெச்சி மாலை போட்டுர்றேன். அண்ணன் ஆசையும் அதானே?" எப்பிடி கீது கதை? நீ படுத்துக் கெடந்தப்ப மாடி ஏறாதவன். இப்ப உன் ஆசையெல்லாம் அவனுக்கு அத்துப்படியாம். கிட்டாருக்கு எத்தினி கம்பின்னு கேட்டா கிட்டக்க போய் எண்ணிப் பார்த்து சொல்ற ஜென்மம். அவன் கடைக்கு வாசிக்கிறவனா வரான்? செல்ஃபி எடுக்கறவன் வரான்.

அவன் போனதும் நம்ம பொண்ணு மரியா, "அப்பா எனக்குன்னுதான் செஞ்சாரு மா. அதைப் பெட்டியில பூட்டிட்டா நான் பூசையில எதை வாசிக்கறது?"ன்னு கேட்டா. அப்பவே முடிவு பண்ணேன், சாட்டின்தான். மினுக்காத கிட்டாரை லாரன்ஸ் வாசப்படி கூட ஏத்த மாட்டான்.

உப்புத்தாளை எடுத்துகினு மாடிக்குப் போனேன். உன் கெட்ட பழக்கம் ஞாபகம் கீதா? பாலிஷ் போடறதுக்கு முன்னாடியே கம்பி மாட்டி, சட்டை இல்லாம குந்திகினு வாசிச்சிப் பார்ப்ப. வலது கை கெடக்கிற மேல் விளிம்புல வேர்வைக் கறை புடிச்சிரும். ஒவ்வொரு கிட்டாருக்கும் உன்னை வண்டை வண்டையா திட்டிகினே தேய்ச்சி எடுப்பேன்.

தூசி போகணும்னு தின்னர் துணியால துடைச்சேன். ஈரத்துல அந்தக் கறை கருப்பா எழும்பி வந்துது சைமன். காஞ்சதும் மறைஞ்சிடிச்சி. மறுபடி துடைச்சேன், மறுபடி வந்த. உப்புத்தாளைப் போட்டுட்டு ஓன்னு அழுதேன்.

சாட்டின் அடிச்சா அது மங்கிடும். ஈரத்துல தெரிஞ்ச மாதிரியே நிக்கணும்னா கிளாஸிதான் அடிக்கணும். செத்தும் என்னை ஜெயிச்சிட்டியேய்யா, நல்லா இருப்பியா நீ?

எண்ணூர் கரண்ட் பேக்டரி சாம்பல் காத்துல வந்து ஒட்டாத நாளாப் பார்த்து அடிச்சேன், கறையைத் தேய்க்காம. கழுத்துக்கு மட்டும் சாட்டின். அதுல நான் வுட்டுக் குடுக்கல.

லாரன்ஸ் வந்து பார்த்தான், பல்லெல்லாம் தெரிய சிரிச்சான். அப்புறம் விளிம்பைக் காட்டி, "இன்னா அண்ணி, இங்க மட்டும் கலீஜா கீது? தேய்ச்சிருக்கலாமே?"ன்னான்.

"அது உங்க அண்ணன்டா"ன்னேன். கையை எடுத்துட்டான். பெட்டியைப் பத்தி அப்புறம் பேசவே இல்லை.

மரியா கிட்டாரை மடியில வெச்சா. அவ கை சரியா அந்தக் கறை மேலயே படிஞ்சுது. ஏன் மா அழுவுறன்னு கேட்டா. தின்னர் நெடின்னேன்.

பூசையில அவதான் வாசிப்பா, கேட்டுக்கோ. பாலிஷ் தேஞ்சா திரும்ப கிளாஸியே அடிப்பேன், உன்னைத் திட்டிகினேதான் அடிப்பேன். ஆனா என் உயிர் இருக்கிற வரைக்கும் அந்த இடத்துல உப்புத்தாள் படாது.

இன்னமும் கிளாஸியைக் கண்டா ஆகாத
உன் பொண்டாட்டி,
ஸ்டெல்லா