ஏலக்கூடத்தில் நீ கேட்ட கழிப்பறை

என் ஆசை ஜெசிந்தாவுக்கு,

நம் மீன் ஏலக்கூடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை திறந்துவிட்டார்கள். நாடா வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். எல்லாரும் போன பிறகு நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழத்தான் போனேன் ஏளா.

விடியுமுன் மீன் எடுக்க வந்தால், கூடை காலியாகி வீடு திரும்பும்வரை நமக்கு ஒதுங்க இடம் கிடையாது. அதனாலேயே யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. உனக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது. கடைசியில் பெரியாஸ்பத்திரியில், கிட்னி இரண்டும் கெட்டுவிட்டது என்றார்கள். "தண்ணி குடிக்காம, அடக்கி அடக்கி வச்சதுதாம்மா" என்று டாக்டரம்மா சொன்னதும் நீ என்னைப் பார்த்தாய். "மைனி, நம்ம பொம்பளைக எல்லாருக்கும் இதுதானா?" உன் அண்ணனைக் கட்டி வந்த நாளிலிருந்து நீ கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னவள் நான். அன்று உன் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன், அவ்வளவுதான்.

அதன் பிறகுதான் நம் மகளிர் சங்கத்தைக் கிளப்பினாய். முதலில் வார்டு கவுன்சிலர். "இம்புட்டுக் கடற்கரை கிடக்கு, இடமா இல்ல?" என்று சிரித்தார்.

"அப்போ உங்க வீட்டுப் பொம்பளைகளக் கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி. எங்கன ஒதுங்கணும்னு அவங்க காட்டட்டும்" என்றாய்.

சிரிப்பு நின்றது. பிறகு அவரே நம்மை மாநகராட்சிக்குக் கூட்டிப்போனார். அங்கே, இடம் மீன்வளத்துறையுடையது என்று கைவிரித்தார்கள். திங்கட்கிழமை மனுநாளில் கலெக்டரைப் பார்த்தோம். பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் உத்தரவு சென்னையிலிருந்து வரவேண்டுமாம்.

சென்னைக்கு வரவேண்டாம் என்று உன் காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். டயாலிசிஸ் முடிந்த மறுநாளே ரயில் ஏறிவிட்டாய். தலைமைச் செயலகத்தில் அந்த அதிகாரி, "ஒரு கழிப்பறை கேட்டா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார்.

"இல்லய்யா. எங்களுக்குத் தண்ணி குடிக்கணும். அதக் கேட்டுத்தான் வந்திருக்கோம்."

அவர் பேனாவை வைத்துவிட்டு உன் வீங்கிய கால்களைப் பார்த்தார்.

உத்தரவு வந்தபோது உன் வீட்டில் துக்கம் கேட்க வந்தவர்கள் இன்னும் கிளம்பவில்லை. செய்தியைக் கேட்டதும் உன் அண்ணன் எழுந்து கடல் பக்கம் போய்விட்டார். நாலு சுவரும் ஒரு கதவும்தானே ஜெசிந்தா? அதற்கு ஏன் நீ அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது? யாரிடம் போய்க் கேட்பேன்?

நேற்று பக்கத்துக் கரையிலிருந்து மீன் விற்கும் பெண்கள் சிலர் வந்தார்கள். அவர்கள் ஏலக்கூடத்திலும் இதே பாடுதான். "ஜெசிந்தாக்கா இருக்காவளா? எங்களுக்காகவும் வந்து பேசணும்" என்றாள் ஒருத்தி. நீ போய்விட்டது அவளுக்குத் தெரியாது. நான்தான் சொல்லவேண்டியிருந்தது. அவள் என் கையைப் பிடித்து, "அப்போ நீங்க வாரீயளா?" என்றாள்.

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது என்று உனக்குத் தெரியும். எங்கே போனாலும் உன் முதுகுக்குப் பின்னால்தானே நின்றேன்? ஆனாலும் வருகிற திங்கட்கிழமை அவர்களோடு கலெக்டர் ஆபீசுக்குப் போகிறேன். குரல் நடுங்கும். உன் பெயரைச் சொல்லும்போது அழுதுவிடவும் செய்வேன். ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லாமல் அந்த வாசலைவிட்டு இறங்கமாட்டேன். இது சத்தியம்.

அண்ணன் பெண்டாட்டியாக வந்து உனக்கு அக்காவாகிப்போன
உன் மைனி,
மரியபுஷ்பம்