முன்சீட்டு மரியாதை

15 ஜூன் 2025, ஞாயிறு

இன்று காரில் இருந்தவர்கள்: ஓட்டினது என் மகன் மணிகண்டபிரபு. அவனுக்கு இடப்பக்கம், முன்சீட்டில், நான் உலகம்மை. பின்னால் மருமகள் மாரிச்செல்வி, பேத்தி தன்ஷிகா, அடுத்த வீட்டு ராபியா. எங்களுக்கு முன்னால் போன லோடு ஆட்டோவில் அய்யாக்குட்டி என்கிறவர், ரம்புட்டான் கூடைகளோடு. பெயரை எல்லாம் முதலிலேயே எழுதிவிட்டேன். நாளைக்கு எவரும், "நான் அங்கே இல்லை" என்று சொல்லக் கூடாது.

ஐந்தருவியில் குளித்துவிட்டு வரும்போது இலஞ்சிக்குக் கிட்டே ஆட்டோ நின்றது. நம் கார் நிற்கவில்லை. என் நெற்றி முன்பலகையில் மோதிப் பிளந்தது. ஆறு தையல். மற்ற யாருக்கும் ஒரு கீறல் கிடையாது. பெல்ட் கழுத்தை அறுக்கிறதென்று கக்கத்துக்குக் கீழே விட்டிருந்தேன். அது என் தப்பு, அதையும் எழுதுகிறேன்.

ஆனால் அந்தப் பலகையில் ஏர்பேக் என்று இங்கிலீஷில் எழுத்து இருக்கிறது. மோதினால் தலையணை மாதிரிப் பை வந்து தாங்கும் என்று கார் வாங்கின அன்று மகன் சொன்னான். 2017 ஆவணி. புளியங்குடி எலுமிச்சைத் தரகரிடம் பழசாக வாங்கினது. ஒரு மாதம் அதில் ஊறுகாய் வாடை போகவில்லை. தலையணை வரவில்லை இன்றைக்கு. பலகைதான் வந்தது.

அய்யாக்குட்டி தன் ஆட்டோவைத் திரும்பிப் பார்க்காமல் துண்டை நனைத்து என் நெற்றியில் வைத்து அழுத்தினார். மகன் இறங்கி முதலில் பம்பரைப் பார்த்தான். எழுதிவிட்டேன்.

17 ஜூன்

தையல் இழுக்கிறது. மாரிச்செல்வி கஞ்சி கொண்டுவந்தாள். உப்பு இல்லை.

18 ஜூன்

ராபியா பார்க்க வந்தாள். "பின்னால எங்கூட இருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுல்லா, யக்கா" என்றாள். ஏழு வருஷம் பின்னால்தான் இருந்தேன், ராபியாவுக்குத் தெரியாதா? காலுக்கு நடுவில் அரிசிச் சாக்கு, மடியில் பேத்தி. இந்தப் பொங்கலிலிருந்துதான் முன்சீட்டு.

அது பொங்கலுக்கு மறுநாள். மாரிச்செல்வியின் அப்பா வீட்டுக்கு வீ.கே.புதூர் கிளம்பினோம். முன்னால் உட்கார்ந்தால் ஏசி அடித்துத் தலை வலிக்கிறது என்று இவள் பின்னால் ஏறிக்கொண்டாள். ஏழு வருஷம் வலிக்காத தலை. மகன் தானே இறங்கி வந்து முன்கதவைத் திறந்து, "எம்மா, நீ இங்கன இரு" என்றான். வீ.கே.புதூரில் சம்பந்தக்காரர் தெருவே கேட்கச் சொன்னார்: "பாத்தியளா, பெத்தவளை முன்னால வச்சுக் கூட்டியாந்திருக்காரு மாப்ளை." அன்றைக்கு எனக்கும் தலை கொஞ்சம் நிமிர்ந்ததுதான். பொய் சொல்வானேன்.

20 ஜூன், வெள்ளி

தென்காசியில் கார் சர்வீஸ் கம்பெனிக்குப் போனோம். கண்ணாடி வீடு. உள்ளே மார்கழிக் குளிர். பெலிக்ஸ் என்று ஒரு பையன், கழுத்தில் டை கட்டிக்கொண்டு. என் நெற்றிக் கட்டைப் பார்த்தும் முதலில் கார் நம்பரைத்தான் கேட்டான்.

கம்ப்யூட்டரில் தட்டினான். முகம் மாறினது. பிறகு சொன்னான்: "ஆச்சி, பை திறக்காததும் ஒருவகைக்கு நல்லதுதான்."

எப்படி என்றால், அந்தப் பைக்குள் காற்றை ஊதுகிற இரும்புக் குப்பி ஒன்று இருக்கிறதாம். பழைய வண்டிகளில் அது உளுத்துப்போய், பை திறக்கிற வேகத்தில் குப்பியும் வெடித்து, இரும்புச் சில்லு முகத்திலும் கழுத்திலும் பாயுமாம். அதனால் கம்பெனியே வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டுச் சும்மா மாற்றித் தருகிறதாம். அதற்கு ரீகால் என்று பெயர். மாற்றுகிற வரைக்கும் அந்தச் சீட்டில் யாரையும் உட்கார வைக்கவே கூடாதாம்.

திறந்தால் கழுத்து போகும், திறக்காவிட்டால் நெற்றி போகும். இப்படி ஒரு பொருளைச் செய்ய எத்தனை படிப்புப் படித்தார்களோ. நான் அஞ்சாம் வகுப்பு. என் அம்மி இதுவரை ஒருத்தரையும் கொன்றதில்லை.

"ஒரு லெட்டர் கூட வரல சார்" என்று மகன் மேஜையைத் தட்டினான். பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம் என்றான் பெலிக்ஸ். மகன் இன்னும் பலமாகத் தட்டினான். என் பிள்ளை எனக்காகச் சண்டை போடுகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெலிக்ஸ் கம்ப்யூட்டரைத் திருப்பினான். ஜனவரி பத்தாம் தேதி வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து. உலகம்மை.

என் எழுத்துத்தான். வெள்ளிக்கிழமை. பொங்கலுக்கு முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் மாவு. தபால்காரப் பெண் பேனாவை வாங்கித் தன் சேலையில் துடைத்துக்கொண்டாள். தடித்த கவர். ராத்திரி மகன் சாப்பிடும்போது நான்தான் கையில் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

கம்பெனியில் நான் வாயைத் திறக்கவில்லை. அயலாள் முன்னால் பிள்ளையை விட்டுக்கொடுக்க முடியுமா? வீட்டுக்கு வந்து கேட்டேன். "அது எங்கயோ போட்டுட்டேம்மா. பிரிச்சே பாக்கல" என்றான்.

இருக்கும். அவன் அப்பாவும் கரண்டு பில்லைப் பிரிக்காமலே வைத்திருப்பார், மூன்று தரம் வந்து ஃபியூஸைப் பிடுங்கிப் போனார்கள்.

2 ஜூலை, புதன்

புதன்கிழமை வரச் சொன்னான் பெலிக்ஸ். போனோம். சாமான் வரவில்லை என்றான். வரவில்லை என்று சொல்ல ஒரு போன் போதாதா? அதற்கும் நேரில் வரணும் போல, கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி.

இப்போது நாங்கள் மூன்று பொம்பளைகளும் பின்சீட்டில். காலியான முன்சீட்டில் மகன் தன் டைல்ஸ் கடைப் பையை நிமிர்த்தி வைத்து, அதற்குப் பெல்ட்டும் போட்டு ஓட்டுகிறான். பைக்குக் கிடைக்கிற மரியாதை.

9 ஜூலை, புதன்

சாமான் வந்துவிட்டதாம். கம்ப்யூட்டர் படுத்துவிட்டதாம். கம்ப்யூட்டர் எழுந்திரிக்காமல் திருப்புளியைத் தொடக் கூடாதாம். ஸ்பேனர் பிடிக்கிற ஆட்கள் நாலு பேர் வாசலில் நின்று டீ குடித்தார்கள். பெலிக்ஸ் எனக்கும் ஒரு டீ கொடுத்தான். வெந்நீரில் சீனி.

16 ஜூலை, புதன்

சாமான் வந்தது வலப்பக்கத்துக்காம். மகன் பக்கம். அதை இடப்பக்கத்தில் வைக்க முடியாதாம். இடப்பக்கத்துக்கு இனி திருநெல்வேலிதான் போகணுமாம். "எத்தனை புதன் இருக்கு தம்பி ஒங்க ஊர்ல?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

24 ஜூலை

மகன் போனில் மெசேஜ்: உங்கள் வண்டியின் ரீகால் வேலை வெற்றிகரமாக முடிந்தது, நன்றி. வண்டி வாசலில் நிற்கிறது. எவனும் தொடவில்லை. சாயங்காலம் ஒரு பொண்ணு போன் பண்ணி, எங்கள் சேவைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்றாள். மகனிடமிருந்து போனை வாங்கி நான் பேசினேன். அஞ்சாம் வகுப்பில் கணக்கு டீச்சர் எனக்குப் போட்ட மார்க்கையே போட்டேன். அந்தப் பொண்ணு அப்படிப் போட வழியில்லை, ஒன்றிலிருந்துதான் தொடங்கும் என்றாள்.

3 ஆகஸ்ட், ஆடிப் பதினெட்டு

தன்ஷிகாவின் ஆதார் அட்டையைத் தேடினேன். பீரோவில் மகனுடைய கார் ஃபைல். அதற்குள் அந்தத் தடித்த கவர். மூலையில் என் மாவுக் கை ரேகை காய்ந்து வெள்ளையாக இருக்கிறது.

கவர் பிரித்திருந்தது.

உள்ளே இங்கிலீஷ். எனக்கு வராது. ஆனால் படம் இருக்கிறதே. மேலேயிருந்து பார்க்கிற மாதிரி ஒரு கார், நாலு சீட்டு. இடப்பக்க முன்சீட்டின் மேல் சிவப்பில் பெருக்கல் குறி. அதற்குப் படிப்பு வேண்டாம்.

படத்துக்குக் கீழே ஒரு வரியில் பச்சைப் பேனாவால் கோடு. இரண்டு கோடு. அந்தப் பேனா அவன் கடையில் சரக்குச் சீட்டுக்கு டிக் போடுகிற பேனா.

ராபியா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் மருமகள் ஷஹானா படித்தவள், புருஷன் சவுதியில், தமாமில். அந்தக் கோடு போட்ட வரியைப் படித்துத் தமிழில் சொன்னாள். மாற்றும் வரை முன்பக்கப் பயணி இருக்கையில் யாரையும் அமர வைக்க வேண்டாம், காயமோ உயிரிழப்போ நேரலாம். ஷஹானா சொல்லிவிட்டு என் நெற்றியைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

வெள்ளி கடிதம் வந்தது. புதன் வீ.கே.புதூர் போனோம். நடுவில் நாலு நாள். அந்த நாலு நாளுக்குள்தான் மாரிச்செல்விக்கு ஏசி தலைவலி வந்தது.

பொங்கலிலிருந்து ஆனி முதல் தேதி வரைக்கும் நான் அந்தச் சீட்டில் போன இடங்களை எண்ணினேன். கண் ஆஸ்பத்திரி மூன்று தரம். காசி விசுவநாதர் கோயில் இரண்டு. சங்கரன்கோவில் கல்யாணம். வீ.கே.புதூர் நாலு. ஐந்தருவி. ஒவ்வொரு தரமும் கதவைத் திறந்துவிட்டான். ஒவ்வொரு தரமும் "பாத்து ஏறும்மா" என்றான்.

4 ஆகஸ்ட்

கேட்டேன். அவன் சாப்பிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தான். மாரிச்செல்வி அடுப்படியில் நின்றாள்.

"கடுதாசியப் படிச்சியா?"

குழாயை மூடினான். கவர் என் கையில் இருந்தது. பொய் சொல்ல இடமில்லை.

"படிச்சேன்."

"பெறவு என்னைய ஏம்லே அதுல உக்கார வச்ச?"

"மாரி உக்கார மாட்டேன்னுட்டா. பச்சப் புள்ளைய வைக்க முடியுமா?"

"ஒருத்தரும் உக்கார வேண்டாம்னுதான எழுதியிருக்கு. நீதான கோடு போட்டிருக்க."

கொஞ்ச நேரம் துண்டால் கையைத் துடைத்தான். துடைத்த கையையே துடைத்தான். பிறகு சொன்னான். அவன் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன்.

"முன் சீட்டக் காலியா விட்டுட்டு மூணு பேரையும் பின்னால ஏத்திட்டுப் போனா, மாமனார் ஊர்ல என்னம்மா நினைப்பாவ? டாக்ஸி ஓட்டுதான்னு நினைப்பாவ."

டாக்ஸி.

மாரிச்செல்வி அடுப்படியிலிருந்து, "அத்தை, நான் வேண்டாம்னுதான் சொன்னேன், அவியதான்" என்று தொடங்கினாள். ஏட்டி, நீ எப்பச் சொன்ன? பின்னால ஏறி ஒக்காந்துட்டுச் சொன்னியோ? கேட்கவில்லை. கேட்டால் அழுவாள். பிறகு அந்த அழுகைக்கும் நான்தான் காரணம் என்று வரும்.

காய்ச்சல் கண்டு அவன் கிடந்தபோது தென்காசி ஆஸ்பத்திரிக்கு இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தேனே, அன்றைக்கு என்னை யார் என்ன நினைத்தார்கள் என்று நான் பார்த்தேனா? மேல்சட்டை கிழிந்திருந்தது எனக்கு. இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அப்போது தெரியக்கூட இல்லை.

5 ஆகஸ்ட்

ஒன்றும் எழுத இல்லை.

11 ஆகஸ்ட்

கண் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போனேன். மகன் காரை எடுத்து வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தான். நான் பின்வாசல் வழியாகப் போய்விட்டேன். பஸ்ஸில் இடம் கொடுத்தது முன்பின் தெரியாத ஒரு பெண். எங்கே உட்காருகிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

2 செப்டம்பர்

திருநெல்வேலியிலிருந்து போன். சாமான் இல்லை.

19 செப்டம்பர்

மறுபடி போன். சாமான் இருக்கிறது, பார்க்கிற ஆள் லீவு. பெலிக்ஸைத் திட்டுவதற்குக் கூட எனக்கு இப்போது ருசி இல்லை. அவன் சம்பளத்துக்குப் பொய் சொல்கிறான்.

8 அக்டோபர், புதன்

திருநெல்வேலி. நானும் போனேன். ஜூலையில் முடிந்தது என்று மெசேஜ் விட்டவர்களை, கண்ணால் பார்க்காமல் நம்ப நான் மணிகண்டபிரபு இல்லை. மாரிச்செல்வியும் தீபாவளித் துணி எடுக்க வந்தாள்.

மூன்று மணி நேரம். பலகையைக் கழற்றிப் புதிதை வைத்தார்கள். பழைய குப்பியை எனக்குக் காட்டச் சொன்னேன். கொடுக்கக் கூடாது, காட்டலாம் என்று மெக்கானிக் கொண்டுவந்தார். ஊறுகாய்க் குப்பி அளவுதான். இதுவா? இதுதான் பொங்கலிலிருந்து ஐந்து மாதம் என் முகத்துக்கு நேரே இருந்தது. நான் அதன் மேல் கோயில் விபூதியும் பூவும் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

கிளம்பும்போது மகன் முன்கதவைத் திறந்து பிடித்தான். "இனிமே பயமில்லம்மா. உக்காரு."

நான் பின்கதவைத் திறந்து ஏறினேன். மாரிச்செல்வியிடம், "எல்லாந்தான் சரியாயிட்டுல்லா, நீ போயி இரு" என்றேன். அவள் அந்தச் சீட்டைப் பார்த்தாள். "இல்லத்தை, ஏசி" என்றாள். என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

அவன் கதவைச் சாத்தினான். மெதுவாகத்தான் சாத்தினான். கடைப் பை டிக்கியில் கிடந்தது, இறங்கி எடுத்துவைக்க அவனுக்கு மனசு வரவில்லை.

பாவூர்சத்திரத்தில் டீக்கு நிறுத்தினோம். அங்கே மாரிச்செல்வியின் பெரியப்பா நின்றார், வீ.கே.புதூர்க்காரர். கார் வந்து நின்றதைப் பார்த்தார். முன்சீட்டைப் பார்த்தார். பின்னால் எங்கள் இருவரையும் பார்த்தார். சிரித்துக்கொண்டே கேட்டார்:

"என்ன மாப்ளே, டாக்ஸி போட்டுட்டியளா?"

மகனுக்குக் காது வரைக்கும் சிவந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்தான். அம்மா ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள் என்று பார்த்தான். எட்டு வயசில் பள்ளிக்கூடத்தில் அடிதடி போட்டுவிட்டு வந்து இப்படித்தான் பார்ப்பான். அன்றைக்கெல்லாம் சமாளித்திருக்கிறேன்.

நான் டீயைக் குடித்தேன். நல்ல டீ.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். பெலிக்ஸை விட்டுவிட்டேன், கூலிக்காரன். மார்க் கேட்ட பொண்ணை விட்டுவிட்டேன். குப்பி செய்தவனை எனக்குத் தெரியாது, அவனுக்கும் என்னைத் தெரியாது. மாரிச்செல்வி அயல் வீட்டுப் பெண், தன் கழுத்தைப் பார்த்துக்கொண்டாள். அவளையும் விட்டுவிட்டேன், பாதி.

ஒருத்தனை விடமாட்டேன். மணிகண்டபிரபு. அந்தப் பேரை வைத்ததும் நான்தான்.