உப்பு நடந்துபோன கதை

தூத்துக்குடி,
19-11-1946

வேம்பார் உப்பளத்தில் இருக்கும் அருமை மருமகன் எஸ்றாவுக்கு, உன் தாய்மாமன் ஜீவமணி கடலையும் கப்பலையும் சாட்சி வைத்து எழுதிக்கொள்வது. நான் சொல்லப்போவதை நீ நம்ப மாட்டாய். ஒருவரும் நம்ப மாட்டார்கள். சத்தியமாக அப்படிப்பட்ட கதை.

முதலில் ஊர்ச் செய்தி. மழை பிடித்துக்கொண்டது. கொழும்புத் தோணிகள் கட்டிக்கிடக்கின்றன. கடையில் கருப்பட்டி இளகிவிட்டது. என் வீட்டு அடுக்களையை ஆளும் உன் அம்மா கிருபை, என்னோடு பேசுவதில்லை.

கோயில் விருந்தான அசனத்தன்று நடந்தது உனக்கே தெரியும். வேதக்கோயில் வாசலில் பட்டுத் தலைப்பாகையோடு நின்றவன் நான்தானே! அசனச் சோறு என்றால் யார் வந்தாலும் இலை போடுவதுதான் வழக்கம். இந்த வருஷம் ரேஷன் அரிசி. அதனால் சபைப் புத்தகத்தில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும் என்று கமிட்டியில் தீர்மானம். கமிட்டித் தலைவன் நான். அன்று எனக்கிருந்த அதிகாரம் லண்டன் ராஜாவுக்கும் கிடையாது.

நீயோ கோயிலுக்கு வருவதையே விட்டுவிட்டாய். “இயேசு சொன்னபடி நடக்கணும், அவ்வளவுதான் மாமா. அதுக்கு மணி எதுக்கு, கமிட்டி எதுக்கு?” என்று கேட்டுவிட்டுப் போனாய். உப்பளத்துக் கொட்டகையில் சுவிசேஷம் வாசித்து, எல்லாச் சாதிக்காரர்களோடும் ஒரே பானைக் கஞ்சி குடிக்கிறாய். உன் பெயரை அடித்துவிட்டார்கள். அதற்குத் தூக்கிய கைகளில் என் கைதான் பனை உயரம்.

ஆனாலும் அசனத்துக்கென்று நீயும் உன்னோடு உப்பளத்தில் பாடுபடும் பகவதியும் வீரபாகுவும் மற்றவர்களும் விடியற்காலையில் வண்டியில் உப்பு கொண்டுவந்தீர்கள். வாங்கிக் குழம்பு அண்டாவில் போட்டேன். மத்தியானம் நீங்கள் பந்திக்கு வந்தபோது மறித்தேன். “ஏலே, பேரு இல்லாதவனெல்லாம் அங்கன நில்லு” என்றேன். பகவதி சிரித்துக்கொண்டே, “எங்க உப்புக்கு மட்டும் பேரு இருக்கோ அண்ணாச்சி?” என்று கேட்டாள். நீயோ எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினாய். அதற்குப் பதிலாக என்னை நாலு அடி அடித்திருக்கலாம்.

இனிதான் கதை. நீங்கள் தெருமுனை திரும்பியதும் அண்டா குலுங்கியது. குழம்பிலிருந்த உப்பு கல்கல்லாக எழுந்து, விளிம்பேறிக் குதித்து, பட்டாளம் மாதிரி வரிசைகட்டி உங்கள் பின்னால் நடந்தது! தலைப்பாகையை அவிழ்த்து வலையாக வீசினேன்; ஒரு கல்லும் சிக்கவில்லை. வழியில் தருவைகுளத்தில் அது நிழலுக்கு ஒதுங்கி மோர் குடித்ததாம். வேறு உப்புப் போட்டேன், அதுவும் போயிற்று. அன்று தூத்துக்குடிக் கடலே நல்ல தண்ணீராகி, மாலுமிகள் வாளி வாளியாக மொண்டு குடித்தார்கள்.

கிறிஸ்துமஸுக்கு வா. தனியாக வராதே, அத்தனை பேரையும் கூட்டி வா. கோயிலுக்கு அல்ல, என் வீட்டு முற்றத்துக்கு. நானே இலை போடுவேன். வர மனமில்லையென்றால் வேம்பார் பஸ் ஏறி நானே வந்து உங்கள் பானைப் பக்கம் உட்காருகிறேன். அங்கே யாராவது என் பெயர் இருக்கிறதா என்று கேட்டால், நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

கதையில் ஒரு கல் அளவுக்கு மெய் உண்டு. உப்பு ஒரு வீட்டைவிட்டு நிஜமாகவே போய்விட்டது. அன்று சாயங்காலம் உன் அம்மா உப்புச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள். அசனத்துக்கு உப்புக் கொண்டுவந்தவர்கள் இங்கே உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் நிமிர்த்துவாளாம். அதுவரை அவளுக்கு உப்பில்லாத கஞ்சி. எனக்கும் அதுதான், மருமகனே.

உப்பு அரித்த உன் கால்களை ஆண்டவர் காப்பாராக.

தலைப்பாகை இல்லாமல்,
உன் மாமன் ஜீவமணி