பருத்திப்பட்டு மனையில் மாதா கெபி

செவ்வாய் இரவு, ஆகஸ்ட் 1989

குடியிருப்புத் திட்டத்துக்காக எங்கள் பருத்திப்பட்டு மனையை அரசாங்கம் எடுக்கப்போகிறது என்று போன வருஷம் பேச்சு எழுந்தது. சாமி இருந்தால் தொடமாட்டார்கள் என்று இவர் அவசரமாக அதில் குகை மாதிரி ஒரு மாதா கெபி கட்டி, உள்ளே சிலையும் வைத்தார். மனை தப்பியது.

இன்று வீடு கட்ட அனுமதி கேட்டு இரண்டு பேரும் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனோம். கிளார்க் சிரித்தார்.

"இன்னா சார், ஊரே கும்புடுற எடத்துல ஊடு கட்டணும்ன்றீங்க? கோயில்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? இனிமே கலெக்டர்தான் சொல்லணும்."

"அப்போ கெபிய எடுத்துடுறோம்" என்றார் இவர்.

"எடுத்துத்தான் பாருங்களேன். ஊரு சும்மா உடுமா?"

திரும்பும் வழியில் மனைக்குப் போனோம். பக்கத்துக் கம்பெனியில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, நெற்றி நிறையக் குங்குமத்தோடு, கெபிக் கம்பியில் மரத்தொட்டில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, ரொம்ப சக்தியான மாதாவாமே! கேட்டை மட்டும் பூட்டிடாதக்கா."

சரி என்று சொல்லிவிட்டேன். காற்றில் அணைந்த அவள் மெழுகுவத்தியை நானே திரும்ப ஏற்றியும் கொடுத்தேன். இவர் என்னை முறைத்தார்.

இப்போது வாடகை வீட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். நான் ஜெபமாலையைக் கையில் எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். என்னவென்று வேண்டிக்கொள்வது? தாயே, இடத்தைக் காலி பண்ணு என்றா?