மகளின் சைக்கிளுக்கு நீளமான ஃபோர்க்

என் வீட்டு முதலாளியம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அத்தை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

நம் மகளுக்கு மலைப்பாதை சைக்கிள் ஒன்றை என் கடையிலேயே பூட்டுகிறேன். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பந்தயக்காரர்கள் போடுவதுபோல் நீளமாக மாட்டினேன். கம்பீரமாகத்தான் நின்றது. பார்சல் கட்டும் முன் கடைக்குப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். இறக்கத்தில் சும்மா வழுக்கிக்கொண்டு போனது. ஏற்றத்தில் முன்சக்கரம் தரையில் உட்காரவே இல்லை. ஹேண்டில் அலைபாய்ந்து என்னை வேலிச்செடிக்குள் தள்ளியது. அடி இல்லை, சட்டைதான் கிழிந்தது.

கடை மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தான். "ஃபோர்க் நீண்டா முன்பக்கம் தூக்கிக்கும், ஏத்தத்துல சொன்ன பேச்சு கேக்காதுன்னு ஊருக்கே நீங்கதானே முதலாளி பாடம் எடுக்கறீங்க?"

"அது வாங்க வர்றவங்களுக்குடா. இது என் பொண்ணுக்கு."

அந்தச் சைக்கிளுக்குரிய அளவு ஃபோர்க்கையே திரும்ப மாட்டிவிட்டேன். இனி பள்ளிக்கூட மேட்டைக் கால் ஊன்றாமல் ஏறிவிடுவாள்.

சீட் உயரம் மட்டும் பாக்கி. நான் ஊரிலிருந்து கிளம்பும்போது என் இடுப்பளவு இருந்தாள். அந்தக் கணக்கு இப்போது உதவாது. அவளைச் சுவரோரம் நிறுத்தி, கால் நீளத்தை நூலால் அளந்து அனுப்பு. போனில் இஞ்சுக் கணக்கு சொல்லிவிடாதே, எனக்கு அந்த நூலே வேண்டும்.

கடைக்கு ஆள் வந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

உன் வீட்டுக்காரன்