மருந்தல்லாத தேன்

பெரியப்பா,

உங்கள் தேன் என் அடுப்பில் சூடாகிக்கொண்டிருக்கிறது.

காய்ந்த மிளகாயை வெறும் சட்டியில் புரட்டியபோது எழுந்த நெடி இன்னும் சமையலறையை விட்டுப் போகவில்லை. தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது. அந்த நெடியின் மேல் இப்போது தேனின் வாசனை ஏறிவருகிறது, காட்டுப்பூவும் மெழுகும் லேசான புகையுமாக. நீங்கள் இருந்திருந்தால் கதவருகே வந்து நின்று, மூக்காலேயே ஒரு சிரிப்புச் சிரித்து, "தேனைச் சுட வச்சா வெஷம்மா. இதுகூடத் தெரியாம இன்னா படிச்சிக்கினு இருந்த?" என்று கேட்டிருப்பீர்கள். கேட்டுவிட்டுப் போயும் இருப்பீர்கள். பதிலுக்குக் காத்து நின்ற பழக்கம் உங்களுக்கு இல்லை.

இந்தத் தேன் பாட்டில், உங்கள் காரியம் முடிந்த பிறகு பெரியம்மா கொடுத்தது. திண்டிவனம் வீட்டு பீரோவில், உங்கள் வேட்டிகளுக்குப் பின்னால், துணி சுற்றி வைத்திருந்தீர்களாம். நகை வைக்கிற இடத்தில் தேன். "குப்பையில போட மனசு வரல. வீட்ல வச்சிக்கினு இருக்கவும் முடியல. நீ எடுத்துக்கினு போ" என்றார். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு விழுப்புரம் வந்து சேர்ந்தேன். அதன் பிறகு அலமாரியில் வெகுநாள் கிடந்தது. இன்று எடுத்துப் பார்த்தால் அடியில் மணல்போல உறைந்திருக்கிறது. உறைகிற தேன் சர்க்கரை கலந்த தேன் என்பது உங்கள் சட்டம். நல்ல தேனும் உறையும், லேசாகச் சூடு காட்டினால் இளகும் என்று நான் சொன்னதை நீங்கள் ஒருநாளும் ஏற்றதில்லை. ஆக, உங்கள் சட்டப்படியே, நீங்கள் பூட்டிப் பாதுகாத்தது கலப்படம். அதில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி. மறைப்பானேன்?

நான் செய்வது எளிதான காரியம். ஒரு கைப்பிடி குண்டு மிளகாயைக் காம்பு கிள்ளி, கையால் உடைத்து, விதையில் பாதியை உதறிவிட்டு, வெறும் சட்டியில் சூடேற்றி, கறுப்பதற்கு முன்பே தீயைத் தணிக்க வேண்டும். அதன் மேல் தேனை ஊற்றிச் சிறு தீயில் வைக்க வேண்டும். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள் எழும்போதே அணைத்துவிட வேண்டும், கொதித்தால் கசந்துபோகும். பிறகு மிளகாய் அப்படியே ஊறட்டும். ஒரு சிட்டிகை உப்பு, ஆறிய பிறகு கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. வடிகட்டி ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் ஊற்றினால் முடிந்தது. எதற்கு நல்லது என்று கேட்பீர்கள். எதற்கும் இல்லை. வாயுவுக்கு இல்லை, சளிக்கு இல்லை, ரத்தத்தைச் சுத்தம் செய்யவும் இல்லை. வறுத்த மல்லாட்டைக் கடலையை இதில் புரட்டி எடுத்தால் நன்றாக இருக்கும். கேப்பை அடைக்குத் தொட்டுக்கொண்டால் நன்றாக இருக்கும். கொய்யாக்காய்த் துண்டின் மேல் விட்டால் இன்னும் நன்றாக இருக்கும். அவ்வளவுதான்.

"நல்லா இருக்கு" என்று உங்கள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. கல்லூரியில் வேதியியல் படித்த வருடங்களெல்லாம் உங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். பெரியம்மா பூண்டுக் குழம்பு வைத்தால் "பூண்டு வாயுவுக்கு நல்லது" என்பீர்கள். முருங்கைக்கீரை பொரித்தால் இரும்புச் சத்து. மீன் குழம்பு கண்ணுக்கு. முகத்தில் ஒரு தசையும் அசையாமல், வேளைக்கு வேளை மருந்து இறக்குவதுபோலச் சாப்பிட்டு எழுந்து போவீர்கள். நாக்குக்காகத் தின்கிறவன் மாடு என்பது உங்கள் பொன்மொழி. மாடு நாக்குக்காகத் தின்பதில்லை, பசிக்குத்தான் தின்கிறது என்று ஒருமுறை சொன்னேன். எனக்கு வாய் நீளம் என்று அப்பாவுக்கு அன்றே போன் போட்டுச் சொல்லிவிட்டீர்கள். பெரியம்மா அடுப்படியில் நின்று தன் குழம்பைத் தானே உள்ளங்கையில் விட்டு ருசிபார்த்து, தானே தலையாட்டிக்கொள்வார். அவருக்குக் கிடைத்த பாராட்டு அந்தத் தலையாட்டல் மட்டும்தான்.

இத்தனைக்கும் உங்கள் சம்பளம் முழுக்கச் சர்க்கரையிலிருந்து வந்தது. சர்க்கரை ஆலையில் கரும்பு ஆபீசர். கோலியனூர், கெடார் பக்கத்துக் கொல்லைகளில் யார் எப்போது கரும்பு வெட்டலாம் என்று கட்டிங் ஆர்டர் கொடுத்தவர் நீங்கள். ஓய்வுபெற்றதும் வெள்ளைச் சர்க்கரை விஷம் என்று கண்டுபிடித்தீர்கள். பென்ஷன் கணக்கு முடியும்வரை அந்த ஞானம் பொறுமையாக வெளியே காத்துக்கொண்டிருந்தது போலும்.

ஓய்வுபெறும் சமயத்துப் பரிசோதனையிலேயே உங்கள் ரத்தத்தில் சர்க்கரை இருப்பது தெரிந்துவிட்டது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நீங்கள் அதைத் தொடவில்லை. "மாத்திரைன்றது கம்பெனிக்காரன் பொழப்பு. சுத்தமான மலைத்தேன் சுகரை ஏத்தாதும்மா, கலப்படந்தான் ஏத்தும்" என்றீர்கள். எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். எல்லாம் புத்தகத்தில் இருக்காது என்றீர்கள். காலையில் மிளகுப்பொடி குழைத்து ஒரு கரண்டி. சாயங்காலம் சுக்குப்பொடியோடு ஒரு கரண்டி. படுக்கப் போகும்முன் வெறுமனே ஒரு கரண்டி. வீட்டில் சர்க்கரை டப்பா ஒழிந்தது. "சுகர்" என்ற சொல்லும் ஒழிந்தது. பெரியம்மா எப்போதாவது அந்தச் சொல்லை எடுத்தால் உங்கள் புருவம் ஏறும், அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

அதன் பிறகு உங்கள் கவலையெல்லாம் தேன் சுத்தமா என்பதில்தான். கல்வராயன் மலையிலிருந்து தேன் கொண்டுவருகிறவரை வாசலிலேயே நிறுத்தி வைப்பீர்கள். தீக்குச்சியைத் தேனில் முக்கி உரசுவீர்கள். தண்ணீர் டம்ளரில் ஒரு சொட்டு விட்டு, உடையாமல் அடிக்கு இறங்குகிறதா என்று குனிந்து பார்ப்பீர்கள். கடைசியாக ஒரு சொட்டைத் தரையில் வைத்து, எறும்பு வருகிறதா என்று நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவீர்கள். நல்ல தேனை எறும்பு தொடாதாம். வெயிலில் நின்றிருந்த அந்த மனிதர் என்னிடம், "சாருக்குத் தேனு வேணுமா, தீப்பெட்டி வேணுமா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். உங்களுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் குரலை உயர்த்தாமல், "எறும்புக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா. உங்க லேபுக்குத்தான் தெரியும்" என்றீர்கள்.

கெட்டியான சர்க்கரைப் பாகு காய்ச்சி, அதுவும் தண்ணீரில் உடையாமல் இறங்குவதை உங்களுக்குச் செய்து காட்டினேன். டம்ளரை வாங்கிக் குரோட்டன்ஸ் செடியில் ஊற்றிவிட்டு நாளிதழை எடுத்துக்கொண்டீர்கள். உங்கள் விவாத முறை அதுதான்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. எனக்கு விழுப்புரத்தில் வேலை கிடைத்து, விடுமுறைக்கு மட்டும் வந்து போய்க்கொண்டிருந்த காலம். பெரியம்மா பின்கட்டிலிருந்து என்னை மெதுவாகக் கூப்பிட்டார். குளியலறை மூலையில், நீங்கள் சிறுநீர் கழிக்கிற இடத்தில், எறும்பு மொய்த்திருந்தது. சுவரோரமாக ஒரு வரிசை வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தது. பெரியம்மா என் முகத்தைப் பார்த்தார். சிறுநீரில் சர்க்கரை இறங்கினால் எறும்பு வரும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

மதியம் உங்கள் தட்டில் சோறு வைத்துக்கொண்டே அவர் சொன்னார்.

"பாத்ரூம்ல எறும்பு மொய்க்குதுங்க."

உங்கள் கை அப்படியே நின்றது. பிறகு ரசத்தைக் காட்டி ஊற்றச் சொன்னீர்கள்.

"பினாயில் ஊத்து."

எறும்புக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றீர்களே என்று நான் கேட்டேன். பெரியம்மா மேசைக்கடியில் என் காலை மிதித்தார். சாப்பிடும் இடத்தில் பேசுகிற பேச்சா இது என்று சொல்லி, ரசத்தைத் தொடாமல் எழுந்து போனீர்கள்.

அதோடு முடிந்திருந்தால் உங்களை வெறும் முட்டாள் என்று வைத்துக்கொண்டு நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். அடுத்த முறை வந்தபோது வீடு முழுக்கப் பினாயில் வாடை. ஊற்றியது பெரியம்மா இல்லை. நீங்களாம். அவர் எழுந்திருப்பதற்கு முன்பே எழுந்து, தினமும். குடிக்கிற தண்ணீரைக்கூட உட்கார்ந்த இடத்துக்கு வரவழைக்கிற மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளியலறை கழுவுகிறார் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். உங்களுக்குத் தெரியும். தீக்குச்சியை உரசிக்கொண்டிருந்தபோதும் தெரியும். தெரியாமல் கெட்டவருக்காக அழலாம், பெரியப்பா. தெரிந்தே சாட்சியைக் கழுவிவிட்டவருக்காக எப்படி அழுவது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

வானூரில் ஒரு கல்யாணத்துக்குப் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போனீர்கள். சுண்டுவிரலில் செருப்பு கடித்த புண் ஆறவில்லை. அதன் மேலும் தேன் தடவினீர்கள், துணி சுற்றினீர்கள். பெரியம்மா பார்க்க வந்தால் காலை இழுத்துக்கொண்டீர்கள். விரல் கறுத்தது. ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து கூப்பிட்டேன். டிவியின் சத்தத்தைக் கூட்டினீர்கள். ஆட்டோக்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "பெரியவரு வர்ற மாதிரி தெரியல, நான் கெளம்பட்டாம்மா?" என்று கேட்டார். காய்ச்சலில் நினைவு தப்பிய பிறகுதான் உங்களைத் தூக்க முடிந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கொஞ்சம் தெளிந்தபோது ஒரு இளம் டாக்டர் உங்கள் காதருகே குனிந்து, எவ்வளவு காலமாகச் சுகர் என்று கேட்டார்.

"எனக்கு சுகர் இல்ல."

நீங்கள் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு அது. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டும் என்று அவர் எங்களிடம் சொல்லி முடித்திருந்தார். அதற்கும் நேரம் கிடைக்கவில்லை.

பதினாறாம் நாள் படையலில் உங்கள் ஆலைக் கூட்டாளி ஒருவர், "கடைசி வரைக்கும் ஒரு மாத்திரை முழுங்காத மனுஷன்" என்றார். பந்தியில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நெஞ்சுவலி என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்தோம். உங்கள் பழக்கத்தை உங்களுக்குப் பிறகும் வீட்டில் காப்பாற்றினோம். என் இலையில் அதிரசம் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டுக் கைகழுவப் போனேன்.

இப்போது சட்டியில் மிளகாய் ஊறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது ஒன்று புரிகிறது. உங்களுக்கு இனிப்பு பிடிக்கும். விஷயம் அவ்வளவுதான். படுக்கப் போகும்முன் தின்ற அந்தக் கரண்டியில் மிளகும் இல்லை, சுக்கும் இல்லை. அதை வாயில் வைக்கும்போது கண்ணை மூடிக்கொள்வீர்கள். அந்த முகத்தை நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறேன். மீன் குழம்பு கண்ணுக்கு நல்லது என்று சொல்கிற முகம் அல்ல அது. ஆசைப்படுவது உங்களுக்கு அவமானம். அதனால் ஆசைக்கு மருந்து என்று பெயர் வைத்தீர்கள். மருந்தாகிவிட்டதால் அளவு பார்க்கவும் வேண்டியதில்லாமல் போயிற்று. எனக்கு இனிப்பென்றால் உயிர் என்று நீங்கள் ஒருமுறை பெரியம்மாவிடம் சொல்லியிருந்தால், மாத்திரையை ஒரு கையில் கொடுத்து, தீபாவளிக்கு அரை அதிரசத்தை மறு கையில் வைத்திருப்பார். அவருக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு. உங்களுக்குத்தான் வாய் வரவில்லை.

பெரியம்மா இன்று இங்கேதான் இருக்கிறார். கூடத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தவர், நெடி தாங்காமல் எழுந்து வந்து ஜன்னலைத் திறந்தார். வீட்டையே இருமவைக்கிறாயே என்று திட்டினார். பாட்டிலைப் பார்த்ததும் எந்த பாட்டில் என்று தெரிந்துகொண்டார். வறுத்த மல்லாட்டைப் பருப்பு ஒன்றைத் தேனில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டார். உறைப்பு ஏறியதும் கண்ணில் நீர் கட்டியது. இன்னொன்றும் எடுத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் கீது," என்றார். "ஆனா ஒண்ணு. இது நாக்குக்குன்னே இருக்கட்டும். சளிக்கு நல்லது, சூட்டுக்கு நல்லதுன்னு எவனாச்சும் ஆரம்பிச்சான்னா, ஒரு சொட்டுகூடக் கொடுக்காத."

கொடுக்க மாட்டேன். நானும் அரைக் கரண்டிக்கு மேல் தொடுவதில்லை. அதற்குக் காரணமும் நீங்கள்தான். வருடத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்கப் போகிறேன். ஊசியைப் பிரித்துக்கொண்டே அங்கிருக்கும் பெண் நிமிர்ந்து பார்க்காமல் கேட்பாள், வீட்டில் யாருக்காவது சுகர் உண்டா என்று. முதல் தடவை எனக்கு வார்த்தை வரவில்லை. உங்கள் வீட்டில் வளர்ந்த நாக்கு, அந்தச் சொல் வந்தால் பேச்சை மாற்றிப் பழகியது. அவள் கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது.

இப்போதெல்லாம் அப்படியில்லை. "பெரியப்பாவுக்கு இருந்தது" என்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேட்கும். மாத்திரை சாப்பிட்டாரா என்கிறாள். இல்லை என்கிறேன். நீங்கள் ஆயுள் முழுக்க வாய்விட்டுச் சொல்லாததை ஒவ்வொரு வருடமும் உங்களுக்காகச் சொல்லிவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கையை நீட்டுகிறேன்.